சன்னாசியின் ஐந்து ஐம்பது சதங்கள்

பழைய காசு வியாபாரத்துக்குப் புதிதாக வந்திருக்கும் நீங்கள் நாலு பேரும் போன மாதம் என் வீட்டுக்கு வந்தீர்கள். இரட்டை எழுத்து விழுந்த காசில் பெறுமதி உள்ளதையும் இல்லாததையும் எப்படிப் பிரித்தறிவது என்று கேட்டீர்கள். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, மழையைப் பற்றியும் மரக்கறி விலையைப் பற்றியும் பேசி அனுப்பிவிட்டேன். கிழவன் தொழில் ரகசியத்தைக் கபுறுக் குழிக்குள் கொண்டுபோகப் பார்க்கிறான் என்று படியிறங்கும்போது உங்களில் ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. காது இன்னும் நன்றாகத்தான் கேட்கிறது, தம்பி. ரகசியம் ஒரு மண்ணும் கிடையாது. அந்தக் கேள்வியை யார் கேட்டாலும் எனக்குப் பழைய சம்பவம் ஒன்று நினைவுக்கு வரும், அவ்வளவுதான். வாயால் சொல்லத் தொடங்கினால் பாதியில் நின்றுவிடுவேன் என்பதால் எழுதித் தருகிறேன்.

முதலில் நீங்கள் கேட்டதற்குப் பதில். காசு அடிப்பதற்கு முன் அதற்கான எஃகு அச்சைச் செய்வார்கள். அச்சைச் செய்யும்போதே உருவம் இரண்டு தரம் சற்று விலகிப் பதிந்துவிட்டால், அந்த அச்சில் அடிக்கிற எல்லாக் காசிலும் இரட்டிப்பு இருக்கும். எழுத்து தடித்திருக்கும். எழுத்தின் முனைகள் பிளந்து நிற்கும். இரண்டாவது உருவமும் முதலாவதைப் போலவே உருண்டு திரண்டு இருக்கும். இது அச்சு இரட்டிப்பு. காசு சேர்ப்பவர்கள் விலை கொடுத்துத் தேடுவது இதைத்தான்.

மற்றது இயந்திர இரட்டிப்பு. அச்சில் ஒரு குறையும் இருக்காது. இயந்திரத்தில் அதைப் பொருத்திய பிடி தளர்ந்து, காசை அடித்த கையோடு அச்சு ஒரு மயிரிழை அசைந்துவிடும். அசையும்போது எழுத்தின் ஓரத்தைத் தட்டையாக வழித்துவிடும். எழுத்துக்குப் பக்கத்தில் தாழ்வான ஒரு படி தெரியும், எழுத்தின் பருமன் குறைந்திருக்கும். இந்தக் காசுக்கு அதன் முகத்தில் போட்டிருக்கிற பெறுமதிக்கு மேல் ஒரு சதமும் கிடைக்காது.

இவ்வளவுதான் விஷயம். கண் நன்றாக இருந்தால் பத்து நிமிடத்தில் படித்துவிடலாம். இனி நான் சொல்லப்போவதைப் படிக்க ஒரு குடும்பத்தின் வாழ்க்கை செலவானது. என் குடும்பத்தின் வாழ்க்கை அல்ல.

ஐம்பதுகளின் முதற்பாதியில் அட்டன் கடைத்தெருவில் எனக்கு ஒரு சின்னக் கடை இருந்தது. கடிகாரம் பழுதுபார்ப்பது வேலை. சுதந்திரம் கிடைத்த பிறகு சீமைக்குத் திரும்பிப்போகிற வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் வீட்டுச் சாமான்களை விற்றுவிட்டுப் போவார்கள். அதில் பழைய காசுகளும் இருக்கும். நான் அவற்றை வாங்கி, கொழும்பில் காசு சேர்க்கும் ஓய்வுபெற்ற வக்கீல் ஒருவருக்கு அனுப்புவேன். அவரை நான் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. தபாலில்தான் எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தார், தபாலில்தான் ஏசுவார். ஏச்சு கொஞ்சம் அதிகமாகவே வரும்.

ஒரு முறை ஒரு பத்துச் சதத்தை அச்சு இரட்டிப்பு என்று அடித்துச் சொல்லி அவருக்கு அனுப்பிவிட்டேன். மனிதர் என் பேச்சை நம்பித் தன் கூட்டாளிகளுக்கு எடுத்துக் காட்டியிருக்கிறார். அவர்களில் ஒருவர் கண்ணாடி வைத்துப் பார்த்து, வெறும் இயந்திர இரட்டிப்பு என்று சிரித்திருக்கிறார். "உமது கண்ணைக் கடிகாரத்தோடு நிறுத்திக்கொள்ளும்" என்று எனக்குக் கடிதம் வந்தது. எனக்கு முகத்தில் கரி பூசியதுபோல ஆகிவிட்டது. கடைக்கு வருகிறவர்கள் எல்லோருக்கும் அது தெரிந்துவிட்ட மாதிரி கூசிக்கொண்டிருந்தேன். இனி நூற்றுக்கு நூறு தெரியாமல் எதைப் பற்றியும் வாய் திறப்பதில்லை என்று முடிவுசெய்தேன். புத்திசாலித்தனமான முடிவு என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

அதற்கு இரண்டு மூன்று மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, சன்னாசி கடைக்கு வந்தார். டயகமப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கவ்வாத்து வெட்டுகிறவர், அதாவது தேயிலைச் செடியின் கிளைகளை வெட்டிவிடும் வேலை. நாற்பது வயது இருக்கும். அந்த நாளில் தோட்டத்து ஆட்களை நாங்கள் கடைக்காரர்கள் 'வா, போ' என்றுதான் பேசுவோம். நானும் அப்படித்தான் பேசினேன். எழுதும்போதாவது 'அவர்' என்று எழுதுகிறேன்.

மடித்த வெற்றிலையைப் பிரித்து, அதற்குள்ளிருந்து ஓர் ஐம்பது சதக் காசை மேசையில் வைத்தார். ஜார்ஜ் மன்னர் தலை போட்ட பித்தளை நிறக் காசு.

"மொதலாளி, இதுல எழுத்தெல்லாம் ரெண்டு ரெண்டாத் தெரியுதுங்க. நம்ம வீட்டுல சொல்றா, ஒங்க கண்ணுதான் கெட்டுப்போச்சு, காசு நல்லாத்தான் இருக்குன்னு. யாரு கண்ணு கெட்டுச்சுன்னு நீங்கதான் சொல்லணும்."

நான் கடிகாரக் கண்ணாடியைக் கண்ணில் செருகிப் பார்த்தேன். அவர் கண்ணில் குறையில்லை. ஆண்டு எண்ணும் எழுத்துகளும் இரட்டித்திருந்தன. ஆனால் இடுக்கில் அழுக்கு ஏறியிருந்ததால் ஓரம் தட்டையா, உருண்டையா என்று பிடிபடவில்லை. பத்துச் சதத்தில் சூடுபட்டவன் நான்.

"இது ரெண்டு வகை இருக்கு சன்னாசி. ஒரு வகைன்னா நல்ல வெல போகும். மத்த வகைன்னா கடையில குடுத்து சீனி வாங்கிக்க வேண்டியதுதான். ஒரு காச மட்டும் வச்சுச் சொல்ல முடியாது. இதே மாதிரி இன்னொண்ணு கெடச்சாக் கொண்டா. ரெண்டுலயும் ஒரே எடத்துல ஒரே மாதிரி ரெட்டிச்சிருந்தா, அச்சுலயே விழுந்த பெழைன்னு வச்சுக்கலாம்."

"நல்ல வெலன்னா, வக்கீல் வைக்கிற அளவுக்கு வருங்களா?"

எதற்கு வக்கீல் என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னார். நாடு சுதந்திரம் அடைந்த கையோடு தோட்டத்து ஆட்களில் பெரும்பாலானோர் இந்த நாட்டுப் பிரஜைகள் இல்லை என்று ஆகியிருந்தது. பிரஜாவுரிமை வேண்டுமென்றால் மனுப் போட வேண்டும். இத்தனை வருஷமாக இங்கேதான் இருக்கிறோம் என்று விசாரணையில் நிரூபிக்க வேண்டும். சன்னாசி தனக்கும் மனைவி அங்கம்மாவுக்கும் இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்து மனுப் போட்டிருந்தார்.

"எங்கப்பாவே பூண்டுலோயாவுல பொறந்தவருங்க. நான் இந்தத் தோட்டத்துலதான் தவந்தேன், இங்கதான் நடந்தேன். அதுக்குக் கடுதாசி கேக்குறாங்க. நான் எங்க போவேன் கடுதாசிக்கு? விசாரணைக்கு எந்த நேரமும் தோட்டத்து வெலாசத்துக்குக் கடுதாசி வரும்னு சொல்லியிருக்காங்க. வந்தா, நாலு வார்த்த பேச ஒரு வக்கீல் இருந்தாத் தேவலைங்க."

"அப்ப இன்னொரு காச மொதல்ல தேடு" என்றேன்.

"இன்னொண்ணு என்னங்க, சம்பளத்தன்னைக்கு லயம் பூராவும் சலிச்சிரமாட்டேன்!" என்று சிரித்துக்கொண்டே போனார். தோட்டத்துச் சம்பளக் காசு பேங்க்கிலிருந்து பை பையாக வரும். ஒன்றாக அடித்த காசு ஒரே பையில் ஒன்றாக வருவது நடக்கிற காரியம்தான். எனக்கும் உள்ளுக்குள் ஆசை முளைத்திருந்தது. அச்சு இரட்டிப்பாக இருந்தால் கொழும்புக்காரர் முகத்தில் விட்டெறியலாமே என்ற ஆசை. வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், அப்போது எனக்கு அவருடைய மனுவைவிட அதுதான் பெரிதாகத் தெரிந்தது.

அடுத்த சம்பள நாளில் அவர் சொன்னபடியே செய்திருக்கிறார். தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயக் காம்பராக்களில் வாசல் வாசலாகப் போய், "ஒங்க அம்பது சதத்தக் கொஞ்சம் காட்டுங்க" என்று கேட்டு, இரட்டை எழுத்து இருந்தால் தன் காசைக் கொடுத்து மாற்றிக்கொண்டிருக்கிறார். நாலு காசு கிடைத்தது. பழையதோடு ஐந்து. மலைநாட்டு ஈரத்துக்குப் பித்தளை கறுத்துப்போகும், உங்களுக்குத் தெரியும். கடைக்குக் கொண்டுபோகிற காசு கறுப்பாக இருந்தால் மரியாதை இல்லை என்று அங்கம்மா அந்த ஐந்தையும் புளியும் சாம்பலும் போட்டு, கார்த்திகை விளக்குத் தேய்க்கிற மாதிரி தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டார். அதுதான் வினையாகிப் போனது.

வாசல் வாசலாகக் காசு கேட்டால் பேச்சுக் கிளம்பாமல் இருக்குமா? சன்னாசி எதற்கு ஐம்பது சதம் சேர்க்கிறார், அவரிடமிருந்து வந்த காசு நல்ல காசுதானா என்று யாரோ கேட்க, அது வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு காதுக்கும் அங்கிருந்து ஆபீஸ் கணக்குப் பார்க்கும் பெரிய கிளாக்கர் காதுக்கும் போயிருக்கிறது. காம்பராவைச் சோதனை போட்டார்கள். சீனி டின்னுக்குள் ஐந்து காசு. ஐந்திலும் ஒரே கோளாறு, ஐந்தும் தங்கம்போல மினுங்குகின்றன. கள்ளக் காசு அடிக்கிறான் என்று முடிவுகட்ட வேறு என்ன வேண்டும்?

ஒரு வெள்ளிக்கிழமை நான் ஜும்ஆத் தொழுகை முடிந்து கடையைத் திறக்கும்போது தோட்டத்துக் கார் வந்து நின்றது. துரை உடனே வரச் சொன்னார் என்றான் சாரதி. என்ன விஷயம் என்று கேட்டதற்கு, "காசு விஷயமாம்" என்று மட்டும் சொன்னான். பழைய காசு விற்கப்போகிறார் என்று நினைத்து நான் நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன்.

தோட்டத்து ஆபீசில் துரை மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பெரிய கிளாக்கர். யாழ்ப்பாணத்து மனிதர், கணக்கில் ஒரு புள்ளி பிசகாது என்று பேர் எடுத்தவர். ஓரமாகக் கம்பளியைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு சன்னாசி நின்றார். என்னைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்ததே, அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். தப்பித்தோம் என்று நினைத்துவிட்டார் மனிதர்.

"நீதானே காசு பாக்கிறது?" என்றார் துரை. துரைமார் பேசுகிற தமிழ் அப்படித்தான் இருக்கும்.

நான் பதில் சொல்வதற்குள் பெரிய கிளாக்கர் குறுக்கிட்டார். "இவன் உம்மட பேரைத்தான் சொல்லுறான் காணும். இதுகளைச் சேர்த்துக்கொண்டு வரச் சொன்னது நீராம். உண்மையோ?"

"இன்னொண்ணு கொண்டுவரச் சொன்னது உண்மைதான்."

"இன்னொண்டு! அவன் அஞ்சு வைச்சிருக்கிறான். மூண்டு வருசத்துக்கு முந்தின காசு, நேற்று அடிச்சதுமாதிரி மினுங்குது. பேங்கிலயிருந்து நான் எண்ணிக் கொண்டுவந்த பையில இப்பிடிக் காசு ஒண்டும் இருக்கேல்லை. கள்ளக் காசு எண்டால், வாங்கிறவனும் கூட்டாளிதான், தெரியும்தானே?"

அந்த மனிதரைக் கெட்டவர் என்று சொல்லமாட்டேன். காசுப் பையைக் கொண்டுவந்தவர் அவர். சம்பளக் காசில் கோளாறு என்று வந்தால் அவர் தலைதான் உருளும். அதனால் கோளாறு சன்னாசியின் சீனி டின்னுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று அவர் விரும்பினார். அவருக்கும் பயம், எனக்கும் பயம். பயம் இல்லாமல் நின்றவர் சன்னாசி ஒருவர்தான்.

"மினுமினுப்பு புளிங்க தொர" என்றார் சன்னாசி. "நம்ம வீட்டுலதான் வெளக்கிட்டா. காசு சம்பளக் காசுதாங்க. மொதலாளியக் கேளுங்க, அவுங்களுக்கு எல்லாம் தெரியும்."

துரை காசுகளை என் பக்கம் தள்ளினார். "நல்ல காசா, கள்ளக் காசா? அது மட்டும் சொல்லு."

இங்கேதான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும்.

முதல் காசைக் கையில் எடுத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கடிகாரக்காரன் கை, கனம் பொய் சொல்லாது. ஓரம் சரி. மேசையில் போட்டபோது எழும்பிய சத்தம் சரி. தலையில் முடி இழை இழையாக விழுந்திருந்தது, வார்த்து எடுத்த காசில் அது வராது. ஐந்தையும் எடுத்துப் பார்த்தேன். ஐந்தும் நாணயசாலையில் அடித்த நல்ல காசு. அச்சு இரட்டிப்போ இயந்திர இரட்டிப்போ, இரண்டுமே நாணயசாலைக்குள் நடக்கிற விபத்துதானே! எந்த வகை என்பது எனக்கும் கொழும்புக்காரருக்கும் வேண்டிய சங்கதி. துரைக்கு அது வேண்டியதில்லை. "நல்ல காசு, துரை" என்று மூன்று வார்த்தை சொல்லிவிட்டு நான் காரில் ஏறியிருக்கலாம்.

நான் கண்ணாடியை எடுத்துக் கண்ணில் செருகினேன். ஆண்டு எண்ணின் ஓரத்தைப் பார்த்தேன். சாம்பல் போட்டுத் தேய்த்ததில் ஓரம் மழுங்கி, தட்டையாக இருந்த படி தேய்ந்ததா, உருண்டையாகவே விழுந்ததா என்று ஒன்றும் விளங்கவில்லை. ஐந்திலும் ஒரே இடத்தில் இரட்டிப்பு. அச்சு இரட்டிப்பாகத்தான் இருக்குமோ? இயந்திரம் என்று சொல்லி, அது அச்சாக இருந்துவிட்டால்? இப்படி என் மனம் எங்கோ ஓடிக்கொண்டிருந்தது. கூட்டாளி என்ற வார்த்தை வேறு காதுக்குள் நின்றது. கொழும்புக் கடிதமும் நினைவுக்கு வந்தது. நான் எவ்வளவு நேரம் குனிந்திருந்தேனோ தெரியாது, துரை விரலால் மேசையைத் தட்டினார்.

"தொர, இந்த எழுத்து எப்பிடி ரெட்டிச்சுதுன்னு இப்ப உறுதியாச் சொல்ல ஏலாது. ஒண்ணக் கொழும்புக்கு அனுப்பிக் கேக்கணும்."

அவர் கேட்டது வேறு. நான் சொன்னது வேறு. எனக்கு அது தெரிந்தேதான் இருந்தது.

"அப்ப உனக்கும் சந்தேகம்" என்றார் துரை.

"உறுதியாச் சொல்ல ஏலாது" என்றேன் மறுபடியும்.

"மொதலாளி!" என்றார் சன்னாசி. "சம்பளக் காசுதான்னு சொல்லுங்களேன். நீங்க சொன்னதுனாலதானேங்க நான் சேத்தேன். ஒரு வார்த்த சொல்லுங்களேன்."

நான் கண்ணாடியைக் கழற்றிக் கோட்டுப் பைக்குள் போட்டேன்.

பொலிசுக்குப் போவதில்லை, பிள்ளைகுட்டிக்காரன் என்று இரக்கம் காட்டுகிறேன் என்றார் துரை. பேர் வெட்டியாயிற்று. அந்த வாரத்துக்குள் காம்பராவைக் காலிசெய்துவிட வேண்டும். தோட்டத்தில் பேர் வெட்டினால் வேலை மட்டும் போகாது, குடியிருக்கிற கூரையும் கூடவே போய்விடும். சன்னாசிக்கு அதோடு விலாசமும் போயிற்று. பெரிய கிளாக்கர் நாலு காசை மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினார். ஒன்றை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். என் மனைவி சோற்றுக் கோப்பையை அப்படியே கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: "நல்ல காசு எண்டு உங்களுக்கு விளங்கித்தானே? அதச் சொல்ல ஏலாமப் போச்சா?"

"தொழில்ல அவசரப்பட்டுப் பேசக் கூடாது. ஒனக்கு விளங்காது" என்று சத்தம் போட்டேன். அவளுக்கு விளங்கிய அளவுக்கு எனக்கு விளங்கவில்லை என்பதுதான் உண்மை.

மறுநாள் காலையில் எழும்பித் தோட்டத்துக்குப் போய்ச் சொல்லியிருக்கலாம். அதற்கு மறுநாள் போயிருக்கலாம். கொழும்பிலிருந்து பதில் வரட்டும், எழுத்தில் கையில் இருந்தால் துரை மறுக்கமாட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். கொழும்புப் பெரியவர் அந்த நேரம் பார்த்துச் சுகமில்லாமல் படுத்துவிட்டார். பதில் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

கடிதத்தில் இரண்டு விஷயம் இருந்தது. காசு நாணயசாலையில் அடித்த நல்ல காசு. இரட்டிப்பு இயந்திரத்தில் வந்தது, ஐம்பது சதத்துக்கு மேல் ஒரு பெறுமதியும் கிடையாது. அச்சுப் பிடி தளர்ந்த நிலையில் அடுத்தடுத்து அடிக்கும் காசுகளில் இரட்டிப்பு கிட்டத்தட்ட ஒரே மாதிரி விழும் என்றும், இன்னொன்று கிடைத்துவிட்டால் போதும் என்று நான் சொன்ன சோதனையே அரைகுறை என்றும் விளக்கியிருந்தார். நீங்களும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள், ஒத்துப்போகிறது என்பதை மட்டும் வைத்து அச்சு இரட்டிப்பு என்று சொல்லிவிடாதீர்கள். கடைசியில் இரண்டு வரி: "கள்ளக் காசா என்று ஒருவர் கேட்டதாக எழுதியிருக்கிறீர். அதற்கு என்னிடம் ஏன் வந்தீர்? உமக்குக் கை இல்லையா?"

அந்தக் கடிதத்தோடு தோட்டத்துக்கு ஓடினேன். துரை லீவில் சீமைக்குப் போயிருந்தார். பெரிய கிளாக்கர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். லாச்சியைத் திறந்து நாலு காசையும் எடுத்து என் முன்னால் வைத்தார்.

"அவன் எங்க போனான் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது" என்றார். பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், "போன கிழமை அவனுக்கு ஒரு கடுதாசி வந்தது. பிரஜாவுரிமை விசாரணை. ஆள் இங்க இல்லை எண்டு எழுதித் திருப்பி அனுப்பிப்போட்டன்" என்றார். நான் நாலு காசையும் எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன்.

தேடினேன். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை, தேடாமல் இருக்க முடியவில்லை. பூண்டுலோயாவுக்குப் போய் அவருடைய சொந்தக்காரர்களைக் கேட்டேன். இறம்பொடைப் பக்கம் ரோட்டு வேலை செய்கிறார் என்றார்கள், அங்கே இல்லை. கடைசியில் மரக்கறி லொறிக்காரன் ஒருவன்தான், கந்தப்பளையில் ஒரு முதலாளியின் மரக்கறித் தோட்டத்தில் அந்தப் பேரில் ஆள் இருக்கிறது என்று சொன்னான். அதற்குள் ஏழெட்டு மாதம் ஓடிவிட்டது.

நீங்கள் தொழிலில் எவ்வளவோ தப்பு விடுவீர்கள். இயந்திரத்தை அச்சு என்பீர்கள், அச்சை இயந்திரம் என்பீர்கள். காசு போகும், பேர் போகும், இரண்டும் திரும்ப வரும். எதிரே இருக்கிறவர் என்ன கேட்கிறார் என்பதைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். உங்களுக்குத் தெரியாததைக் கேட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். தெரிந்ததைக் கேட்டால், தெரியாத வேறொன்றுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளாதீர்கள். நான் ஒளிந்துகொண்டேன். ஒளிவதற்குக் கண்ணாடி எவ்வளவு வசதியான இடம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

கந்தப்பளையில் லீக்ஸ் மரக்கறிப் பாத்திகளுக்கு மேலே ஒரு தகரக் கொட்டில். அங்கம்மா வாசலில் வெங்காயத் தாள் கட்டிக்கொண்டிருந்தார். "வாங்க மொதலாளி" என்று எழுந்து, உட்காரச் சாக்கை விரித்தார். அந்த வரவேற்பை வாங்கிக்கொள்ள எனக்குக் கூசியது. சன்னாசி பாத்தியிலிருந்து ஏறி வந்தார். ஆள் பாதியாகியிருந்தார்.

ஐந்து காசையும் அவர் முன்னால் வைத்தேன். கொழும்புக் கடிதத்தைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். பிரஜாவுரிமை மனுப் பார்க்கும் கந்தோருக்கு நான் கூட வருகிறேன், நடந்ததைச் சொல்கிறேன், வக்கீல் செலவை நான் பார்க்கிறேன் என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

"விசாரணைக்கு வரலைன்னு மனுவத் தள்ளுபடி பண்ணிட்டாங்கங்க" என்றார் சன்னாசி. "லயத்துப் பக்கத்து வீட்டுக்காரரு எங்கெங்கயோ தேடி வந்து கடுதாசியக் குடுத்தாரு. படிச்சுப் பாக்கச் சொன்னோம். அப்பீலுக்கும் நாள் போயிருச்சாம். நானு, இவ, புள்ளைங்க ரெண்டும், இனி ஒரு நாட்டுக்காரங்களும் இல்லீங்களாம்."

அங்கம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். நான் சாக்கின் நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தேன்.

சன்னாசி ஒரு காசை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

"மொதலாளி, ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. அன்னைக்கு ஆபீசுல தொர கேட்டது இது மட்டுந்தானேங்க? நல்ல காசா, கள்ளக் காசான்னு?"

"ஆமா."

"அன்னைக்கே ஒங்களுக்குத் தெரியுங்களா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். கொழும்பிலிருந்து வந்த கடிதம் கையில் இருந்தது, சொன்னால் நம்பியிருப்பார். நம்பவே விரும்பினார் என்றும் எனக்குத் தோன்றியது.

"தெரியும்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். ஐந்து காசையும் எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, சாத்திவைத்திருந்த மண்வெட்டியைக் கையில் எடுத்தார்.

"மழ எறங்கப்போவுதுங்க. கடைசி பஸ்ஸு மூணு மணிக்கு. பாத்துப் போங்க மொதலாளி" என்று சொல்லிவிட்டுப் பாத்திக்கு இறங்கிப் போனார்.